எந்தத் தண்ணி?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நைனாவின் கால் செருப்புக்குள் போகவில்லை. யாரோ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று சர்ச் வாசலில் நின்று சபையையே திட்டினார். செருப்பு அவருடையதுதான். பாதம்தான் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினேன், விழுந்த குழி அப்படியே நின்றது.

நைனா என்பது என் அப்பா யாக்கோபு. எளாவூர்ப் பக்கம் எங்கள் தெருவில் என்னையும் சேர்த்து எல்லாரும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டோம். அவர் மட்டும் தான் வாங்கிய ஒன்றரை ஏக்கர் கழனியை விடவில்லை. கழனியில் வேலை இல்லையென்றால் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார். அவரைக் கூரைக்குக் கீழே பார்க்க வேண்டுமானால் சர்ச்சுக்குத்தான் வரவேண்டும் என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாலிபத்தில் குடித்தவர். ஞானஸ்நானம் எடுத்த நாளோடு விட்டார். அதில் அவருக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கவரைப்பேட்டை பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இது ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள்) மிக அதிகமாக இருந்தது. பல வருஷம் கவனிக்காமல் விட்ட ரத்தக்கொதிப்பின் வேலை. எந்த ஊர், எந்தத் தெரு என்றெல்லாம் கேட்டுக்கொண்டே மாத்திரை எழுதிய டாக்டர், கடைசியில் நைனாவிடம், "பெரியவரே, தண்ணியைக் குறைச்சுக்கணும்" என்றார்.

நைனாவின் முகம் கறுத்துவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. தெருப் பெயரைக் கேட்டதுமே குடிகாரர் என்று முடிவு கட்டிவிட்டாரே என்று ஆத்திரம்.

"எங்க நைனா தண்ணியே தொடமாட்டாரு சார்."

"அப்படித் தொடாமலும் இருக்கக்கூடாதும்மா. கொஞ்சமா எடுத்துக்கலாம்."

அதற்குமேல் அங்கே நிற்க நைனாவுக்குப் பொறுக்கவில்லை. பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தார். "பாஸ்டரு உடச் சொல்றாரு, டாக்டரு கொஞ்சமா ஊத்திக்கச் சொல்றாரு. இன்னா படிப்பு படிச்சாரோ." நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்த டாக்டரிடம் மறுபடி போகவில்லை. அடுத்த ஞாயிறு சர்ச்சில் நைனா இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை.

கிட்னிக்குத் தண்ணீர் நல்லது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சொம்பு சொம்பாக நானே மொண்டு கொடுத்தேன். வேலைக்குப் போகும்போது குடத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் அது காலியாக இருந்தால் எனக்கு நிம்மதி. இப்படி மூன்று வாரம்.

பிறகு ஒரு ஞாயிறு, முழங்கால் போட்டு ஜெபித்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. சபைக்காரர்கள் வண்டி பிடித்துக் கொடுக்க, திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். நைனாவை உள்ளே கொண்டுபோனபின், ஒரு நர்ஸ் வெளியே வந்து, அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பார் என்று கேட்டார். குடிப் பழக்கமே கிடையாது என்று எரிந்து விழுந்தேன்.

"ஐயோ, அது இல்லம்மா. சொம்புல மொண்டு குடிக்கிறோமே, பச்சத் தண்ணி. அதக் கேக்கறேன்."

அங்கேயே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். முதல் டாக்டர் சொன்னது எந்தத் தண்ணி என்று அப்போதுதான் புரிந்தது.

டயாலிசிஸ் (ரத்தத்தைக் குழாய் வழியே வெளியே எடுத்து, கழிவையும் மிகுந்த நீரையும் நீக்கி, உடம்புக்குத் திருப்பி அனுப்பும் சிகிச்சை) செய்ததும் மூச்சு சீரானது. நடந்ததைச் சொல்லி அழுதேன். "பாவம் அந்த டாக்டரு. சபை பூரா அவரப் பத்திப் பேசி வெச்சுட்டனே" என்றார் நைனா. நடமாட்டம் வந்ததும் சர்ச்சில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, டாக்டர்மேல் தப்பில்லை, தன் காதில்தான் தப்பு என்று சொல்லி உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வாரம் இரண்டு தரம் டயாலிசிஸ். குடிக்க நாளுக்கு முக்கால் லிட்டர். ஏரித் தண்ணீரை முறை வைத்துக் கழனிக்குப் பாய்ச்சியவர், பாட்டிலிலும் மூன்று கோடு போட்டுவிட்டார்: காலை முறை, மத்தியான முறை, சாயங்கால முறை. "மட தெறக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திருகுவார். ஒரு வாயை உடனே விழுங்காமல் கன்னத்தில் வைத்திருப்பார். மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்தில் கொடுக்கும் திராட்சை ரசமும் கணக்கில் வருமா என்று டாக்டரைக் கேட்டார். வரும் என்று டாக்டர் சிரித்தார். அன்றைக்குப் பாட்டிலில் ஒரு வாய் குறைத்துக்கொள்வார்.

இரண்டு வருஷம் அப்படி இருந்தார். கழனியைக் குத்தகைக்கு விட்டாலும் தூண்டிலை விடவில்லை. கண்ணெதிரே ஏரி நிறையத் தண்ணீர், மடியில் அந்தப் பாட்டில். எனக்குத்தான் பார்க்கச் சகிக்காது.

கோடையில் ஒரு நாள் மத்தியானம், "இன்னிக்கி மட்டும் சொம்பு நெறையக் குடேம்மா" என்றார். பழைய மூன்று வாரம் என் கண்முன் நின்றது. முடியாது என்று பாட்டிலை நகர்த்தினேன்.

"செரி, மொறன்னா மொறதான்" என்று சிரித்தார்.

சாயங்காலத்துக்குள் இதயம் நின்றுவிட்டது. கடைசிக் கோட்டுக்குக் கீழே இருந்த தண்ணீர் அப்படியே இருந்தது. சொம்பு நிறையக் கொடுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். மாறியிருக்காது என்றால் கொடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. டாக்டர் சொன்னது கோபமூட்டினால், அந்தக் கோபத்தோடேயே திருப்பிக் கேளுங்கள். "எந்தத் தண்ணி?" என்று கேட்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் குழாயடியில் மடக்மடக்கென்று குடிக்கிறார்கள். என்னால் அப்படி முடிவதில்லை. தாகம் எடுத்ததும் பாட்டிலைத் திறப்பதில்லை. முதலில் எடுக்கும் தாகம் நைனாவின் முறை. அது போகட்டும் என்று விட்டு, என் முறைக்குக் காத்திருக்கிறேன்.