ஆட்டோவில் கேட்ட பிளாக் மெட்டல்

குற்றாலத்தில் வெள்ளம். மெயினருவியில் குளிக்கத் தடை போட்டிருக்கிறார்கள். தண்ணீர் குறையட்டும் என்று நானும் என் வீட்டுக்காரியும் தென்காசியிலிருந்து வந்த ஆட்டோவிலேயே உட்கார்ந்திருக்கிறோம்.

"அண்ணாச்சி, நானும் கூட்டாளிகளும் சேந்து போட்ட பாட்டு ஒண்ணு கேக்கியளா?" என்கிறார் டிரைவர். "பிளாக் மெட்டல்னு சொல்லுவாங்க, வெளிநாட்டுல தொண்டை கிழியக் கத்திப் பாடுத பாட்டு. நம்ம உறுமி, நாயனம்லாம் சேத்திருக்கோம். எங்க ஊரு கோயில் கொடைத் திருவிழாவுல பாடணும்னு ஆசை. இது சாமி பாட்டு இல்லன்னு கமிட்டித் தலைவர் விடமாட்டேங்காரு. நீங்க நெத்தி நெறைய நீறு பூசியிருக்கிய, கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க."

செல்போனைத் தட்டுகிறார். கிட்டார் மாவு மில்லைப்போல இரைகிறது. ஆனால் உறுமி சரியான இடத்தில் வந்து சேருகிறது. நாயனத்துக்கு எனக்கு உடம்பே சிலிர்க்கிறது. அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒருவர் கர்ஜிக்கிறார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு எல்லாரும் கேட்கலாம் என்று சொல்ல வாயெடுக்கிறேன்.

அதற்குள் வீட்டுக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போனுக்குத் திருநீறு பூசிக் கும்பிடுகிறாள். "எம் மகளுக்கு எப்பம் கல்யாணம் கூடும், சாமி?"

டிரைவர் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்துகிறார். "யக்கா, அது சாமி இல்ல. நாந்தான் கத்துதேன்."

"சாமி மலையேறுனப்புறம் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாக" என்று அவர் நெற்றியிலும் பூசிவிடுகிறாள்.

டிரைவர் உடனே கமிட்டித் தலைவருக்குப் போன் போட்டு அவளிடம் நீட்டுகிறார்.

"யக்கா, இதை அப்படியே அவர்ட்ட சொல்லிருங்க."