4471ஆம் எண் துப்பாக்கி

இங்கிலாந்தில் ஆக்ஸ்டன் என்ற ஊரின் தொழிலாளர் கிளப்பில் டார்ட் பலகைக்கு மேலே ஒரு நீளத் துப்பாக்கி தொங்குகிறதாம். நூறு வருடத்துக்கு முன் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் சண்டைக்குப் போன உள்ளூர்த் தொண்டர் படையின் பித்தளை வில்லை அதன் பின்கட்டையில் இன்னும் இருக்கிறதாம். இதை லெஸ் கார்சைடிடம் சொன்னவன் துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தவனில்லை. அவன் மைத்துனன் ஒரு கால்பந்து ஆட்டத்தன்று அங்கே பியர் குடித்திருக்கிறான். அவ்வளவுதான் ஆதாரம்.

லெஸ் எனக்குப் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். யார்க்‌ஷயருக்கு நான் குடிவந்த புதிதில் அவர் சமையலறை மேசையில் ஒரு துப்பாக்கி கிடப்பதைப் பார்த்துவிட்டு, என் விசா தாள்களையெல்லாம் திரட்டி ஒரு பையில் போட்டு வைத்தேன். எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது.

"சுடாதுப்பா. குழலை வெட்டியாச்சு. உன் வீட்டு குக்கர் போடற சத்தத்துக்குத்தான் நான் தினம் பயப்படறேன்" என்றார் லெஸ்.

தறி உதிரி பாகம் செய்யும் ஆலையில் இருபத்தாறு வருடம் கடைசல் பிடித்தவர் அவர். ஆலை மூடியது. மனைவி ஜீன், "இரும்போடயே குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டு ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிப்பவர்களுக்காகத் துப்பாக்கி தேடுவதும், அது யார் கையில் இருந்தது என்று துருவி எழுதிக் கொடுப்பதும் அதன் பிறகு அவர் பிழைப்பாயிற்று. எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் 'இருக்கலாம்' என்ற சொல்லைத் தாண்டமாட்டார். 'இருக்கலாம் லெஸ்' என்று சந்தையில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களும் அவர் கையெழுத்தைத்தான் நம்பினார்கள்.

கிளப் துப்பாக்கியை அவர் தேடிப் போனது அலஸ்டர் பிரியர்லிக்காக. ஆக்ஸ்டன் கம்பளி ஆலை ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்துடையது. தாத்தா பெர்சி பிரியர்லி தொண்டர் படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போனவர். அவருடைய குறிப்பேட்டின் உள்ளட்டையில் பென்சிலால் துப்பாக்கி எண்ணை எழுதியிருந்தார்: 4471. பேரன் முப்பது வருடமாக அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

கிளப்பின் பொறுப்பாளர் மோரீன் சக்டென். எழுபது வயதிருக்கும். ஏணியைக் கொண்டுவந்து அவளே துப்பாக்கியைக் கழற்றினாள். மதுமேடையில் சாய்ந்திருந்த ஒருவன், "பாத்து லெஸ், கீழ நில்லு. சக்டென் கையில துப்பாக்கி இருக்கு, எந்நேரமும் கீழ போட்டுடுவா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மோரீன் சிரிக்கவில்லை.

அவளுடைய தாத்தா வால்டர் அதே படையில் இருந்தவர். காவலில் நிற்கும்போது துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடினார் என்று தண்டனை. சிப்பாய்க்கு அதைவிடக் கேவலம் இல்லை. ஊர் அதை மூன்று தலைமுறையாக விடவில்லை. பள்ளிக்கூடத்தில் மோரீன் தட்டைத் தவறவிட்டாலும் அதே பேச்சுதான். பெர்சியை முதுகில் தூக்கி வந்ததால்தான் தன் துப்பாக்கி போயிற்று என்று வால்டர் சாகும்வரை சொன்னாராம். பெர்சியோ ஆலை முதலாளியின் மகன். இவர் அந்த ஆலையிலேயே நூல் மூட்டை சுமந்தவர். யார் நம்புவார்கள்?

எண் பொருந்தியது. லெஸ் அன்றே பிரியர்லிக்கு ஒரு கடிதம் எழுதினார்: எண் சரி, படை சரி, பெர்சி பிரியர்லியின் துப்பாக்கியாக இருக்கலாம். கிளப் கமிட்டி விற்கச் சம்மதித்தது. மோரீன் மட்டும் லெஸ்ஸை வாசல்வரை வந்து நிறுத்தினாள்.

"இதப் பத்தி என்ன தெரிஞ்சாலும் எனக்கு முதல்ல சொல்லணும். நல்லதோ கெட்டதோ. சத்தியம் பண்ணு."

"சொல்றேன் மோரீன்."

"கெட்டதுன்னா போன்ல சொல்லு. நேர்ல வேணாம்."

வியாபாரம் முடிந்து கைகுலுக்கும்வரை அடுத்தவர் துப்பாக்கியின் திருகாணியைத் தொடக்கூடாது என்பது இவர்கள் வழக்கம். கைகுலுக்கியாயிற்று. பழைய முறையில் செயலிழக்கச் செய்த துப்பாக்கியை இன்றைய சட்டப்படி கைமாற்ற வேண்டுமானால், மறுபடி பற்றவைத்து இறுக்கிச் சான்றிதழ் வாங்கவேண்டும். நெருப்பில் மரம் கருகிவிடும் என்பதால் பட்டறைக்குக் கொடுக்குமுன் லெஸ் தன் கையாலேயே மரத்தைக் கழற்றிவிடுவார். பின்கட்டையின் தகட்டைத் திறந்து, துளையை அடைத்திருந்த தோல் பொதியை வெளியே இழுத்தார். அதன் பின்னால் விரல் தடிமனில் ஒரு காகிதச் சுருள் இருந்தது.

அதில் எழுதியிருந்ததை மறுநாள் காலை என்னிடம் வந்து வாய்மொழியாகத்தான் சொன்னார்:

"இது பிரியர்லியின் துப்பாக்கி. அவன் எறிந்துவிட்டு ஓடையில் கிடந்தான். அவனையும் இதையும் தூக்கி வந்தேன். என்னுடையதை விட்டு வந்தேன். நான் போட்டுவிட்டு ஓடியதாக அவன் அதிகாரியிடம் சொல்லிவிட்டான். தண்டனையாகக் கிடங்கில் துப்பாக்கி துடைக்கப் போட்டிருக்கிறார்கள். இது என் கைக்கு வந்ததால் எழுதுகிறேன். வா. சக்டென்."

"மோரீன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"பிரியர்லிகிட்ட கொடுத்துட்டு, அவர் அனுமதி வாங்கிட்டு சொல்லலாம்னு இருக்கேன்."

"போட்டோ எடுத்தீங்களா?"

அடுத்தவர் சட்டைப் பையில் கைவிடச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "துப்பாக்கிக்குள்ள இருக்கறது துப்பாக்கியோட போகணும்ப்பா. வாங்கினவர் பாக்கறதுக்கு முன்னால நகல் எடுக்கறவன் திருடன். இந்தத் தொழில்ல அப்படித்தான்."

வெளியூரில் வந்து பிழைக்கிறவன் எந்தத் தாளையும் நகலெடுக்காமல் கையைவிட்டு அனுப்பமாட்டான். அதைச் சொல்லியிருக்கலாம். அவர் தொழில், அவர் வழக்கம் என்று இருந்துவிட்டேன்.

பிரியர்லி காகிதத்தை இரண்டு முறை படித்தாராம். மூக்குக் கண்ணாடியோடு சேர்த்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாராம். "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க, கார்சைட். தாத்தாவோடதுதான்னு இப்ப உறுதியாயிடுச்சே. இருக்கலாம்னு எழுதினத மாத்தி, இருந்ததுன்னு எழுதிக் கொடுங்க."

"எழுதறேன் மிஸ்டர் பிரியர்லி. எப்படி உறுதியாச்சுங்கறதையும் சேத்துத்தான் எழுதணும்."

"அது எதுக்கு?"

"அது இல்லாம என்னால எழுத முடியாது. அந்தக் கிளப் அம்மாவுக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

"எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டு, பிரியர்லி டீ ஊற்றினாராம். லெஸ்ஸுக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டாராம்.

பத்து நாள் கழித்து லெஸ் மறுபடி போய்க் காகிதத்தைக் கேட்டபோது, "என்ன காகிதம்?" என்று பதில் வந்தது. அந்தக் குரலில் கோபம்கூட இல்லை என்றார் லெஸ். அதற்குள் துப்பாக்கி பற்றவைத்து முடிந்து, முத்திரையும் குத்தி வந்துவிட்டது. பின்கட்டைத் துளையில் தோல் பொதியைத் தவிர ஒன்றுமில்லை.

"வெறும் வாயால மோரீன்கிட்ட சொல்லுங்களேன்" என்றேன்.

"சொல்லி? நூறு வருஷமா வெறும் வாயாலதானே சொல்லிட்டிருக்காங்க. கேட்டா ஊரே சிரிக்கும். சக்டென் வீட்டுப் பொய்க்கு இப்ப கார்சைடும் சாட்சியான்னு." இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்தார். "எழுத்தை நான்தான் கையில வச்சிருந்தேன். ஒரு முழு ராத்திரி."

நேற்று உள்ளூர்ச் செய்தித்தாளில் படம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கி, பக்கத்தில் பிரியர்லி. கீழே அட்டையில் இருந்த வாசகத்தையும் போட்டிருந்தார்கள்: 'பெர்சி பிரியர்லி போர்க்களத்தில் ஏந்திய துப்பாக்கி. ஆய்வு: எல். கார்சைட்.' லெஸ்ஸின் முதல் கடிதத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். 'இருக்கலாம்' என்பதை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

இன்று காலை செய்தித்தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். அது ஏற்கெனவே மேசையில் விரிந்து கிடந்தது. அதன்மேல் கைபேசி. நான் உட்காரும்போதே அது அதிரத் தொடங்கியது. திரையில் மோரீன் பெயர்.

"எடுங்க" என்றேன்.

"கெட்டதுன்னா போன்ல சொல்லச் சொன்னா. இது நல்லதுப்பா. நல்லதத்தான் தொலச்சுட்டேன்."

அதிர்வு நின்றது. படத்திலிருந்த பிரியர்லியின் தலைமேல் அந்தக் கைபேசி கொஞ்சம் நகர்ந்திருந்தது. மறுபடி அதிரத் தொடங்கியது. லெஸ் இரண்டு கைகளையும் மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்.