வாபஸை வாபஸ் வாங்கிய அண்ணி

எங்கள் வீட்டில் யாராவது கோபத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டால், அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "வாபஸ் வேணும்னா உங்க அண்ணிகிட்ட மனு குடு." அண்ணி அவருடைய மனைவி. மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிடும் ஓர் இதழின் அலுவலகத்தில் வேலை. வெளிவந்துவிட்ட கட்டுரை நம்பத் தகாதது என்று தெரிந்தால், அதைத் திரும்பப் பெறும் வேலை அவருடையது. அந்த மேஜைக்கு அலுவலகத்தில் வாபஸ் மேஜை என்று பெயர். வீட்டில் அவருக்கு வாபஸ் அண்ணி என்று பெயர் வைத்தது நான். நானும் அதே அலுவலகத்தில் சந்தாப் பிரிவில் இருக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்தது அண்ணிதான். அந்த நன்றிக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் நான் இல்லை.

வாபஸ் என்றதும், அளவு சரியில்லாத சட்டையைக் கடையில் திருப்பிக் கொடுப்பது போல என்று நினைக்க வேண்டாம். கட்டுரை போன இடம் தெரியாமல் போய்விடாது, இணையத்தில் அதே பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகச் சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று விழும். கூடவே ஓர் அறிவிப்பு: யார் திரும்பப் பெற்றார்கள், என்ன காரணம். அந்தக் கட்டுரையை நம்பி மருந்து எழுதிய டாக்டருக்கும், அதை ஆதாரம் காட்டி வேறு கட்டுரை எழுதியவருக்கும் விஷயம் தெரிய வேண்டுமே. அழித்துவிட்டால் தப்பு நடந்த சுவடே இருக்காது.

சிவப்பு விழுவதும் லேசில் இல்லை. முதலில் புகார் வரும். அண்ணி ஆய்வாளருக்கு எழுதி அசல் பதிவுகளைக் கேட்பார். அப்புறம் அவருடைய பல்கலைக்கழகத்துக்கு எழுதுவார். மாதக்கணக்கில் இழுக்கும். கேட்டவுடன் பதிவைக் கொடுத்தவர்களும் உண்டு, தங்கள் தப்பைத் தாங்களே கண்டுபிடித்து எழுதிய நேர்மையானவர்களும் உண்டு. மற்றவர்களுடைய ஆய்வகத்தில் மட்டும் சரியாக அந்த வாரம் தண்ணீர்க் குழாய் உடையும். இல்லையென்றால் மாணவன் மடிக்கணினியோடு வெளிநாடு போயிருப்பான். "இவ்வளவு குழாய் உடையுற ஊர்ல ஒரு பிளம்பர்கூடவா இல்ல?" என்று சாப்பிடும்போது அண்ணி கேட்பார்.

கடைசியில் எல்லோரும் ஒன்றையே கேட்பார்கள். "சத்தமில்லாம எடுத்துருங்க மேடம், யாருக்கும் தெரிய வேண்டாம்." அண்ணி கறாராக முடியாது என்பார். அறிவிப்புக்கு அவர்கள் அனுப்பும் வாசகத்தில் 'தவறு நேர்ந்துவிட்டது' என்று இருந்தால் அதையும் அடிப்பார். "மழையா பெய்யுது, தானா நேர்றதுக்கு? யாரோ செஞ்சதுதானே. செஞ்சோம்னு எழுதச் சொல்லு." நான் அவரிடம் மிகவும் ரசித்தது இந்தக் கறாரைத்தான், வீட்டில் நான் அவரிடம் அதிகம் திட்டு வாங்கியதும் இதனால்தான்.

அப்படிப்பட்டவர் ஒரு தப்பு செய்தார்.

ஒரே இதழில் சர்க்கரை நோயாளிகளின் கால்புண் பற்றி இரண்டு கட்டுரைகள் வந்திருந்தன. இரண்டையும் எழுதியவர்களுக்கு ஒரே பெயர், இனிஷியலும் ஒன்று. அந்தப் பெயர் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். ஒருவர் மூத்த டாக்டர். ஒரே புண்ணின் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டு, இரண்டு நோயாளிகள் என்று கணக்குக் காட்டியவர். விசாரணை முடிந்து, அவருடையதைத் திரும்பப் பெற உத்தரவாகிவிட்டது. இன்னொருவர் ஓர் இளம்பெண், படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். அண்ணி கட்டுரை எண்ணை மாற்றிப் போட்டார். சிவப்பு அந்தப் பெண் மேல் விழுந்தது. அன்றைக்கு அண்ணிக்குக் காய்ச்சலும் இல்லை, வீட்டில் சண்டையும் இல்லை. காரணம் சொல்லித் தப்பிக்க எதுவுமே கிடையாது.

அந்தப் பெண் போன் செய்தபோது நான் அண்ணியின் மேஜை ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், என் கட்டுரை மேல சிவப்பா போட்டிருக்கு. நான் எந்தத் தப்பும் பண்ணல."

எத்தனையோ பேர் இதே வார்த்தையைச் சொல்லியாயிற்று. அண்ணி கணினியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விளக்கத்தை எழுத்துல அனுப்புங்கம்மா."

"படத்தைத் திருப்பிப் போட்டேன்னு எழுதியிருக்கீங்களே மேடம். என் கட்டுரைல படமே கிடையாது."

அண்ணி அப்போதுதான் பக்கத்தைத் திறந்தார். முதலிலிருந்து கடைசிவரை வெறும் அட்டவணைகள். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். "ஒரு பத்து நிமிஷம் குடும்மா, நானே கூப்பிடுறேன்" என்று போனை வைத்தார்.

எங்கள் தலைமை ஆசிரியர் ஓய்வு பெற்ற டாக்டர். தலைமை ஆசிரியர் என்றாலே பள்ளிக்கூட ஞாபகம் வருவதால் அவருக்கு எச்.எம். என்று பெயர், அதுவும் என் கைங்கரியம்தான். எச்.எம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உடனே எடுத்துருங்கம்மா. அறிவிப்பு கிறிவிப்பு ஒண்ணும் வேண்டாம். யாரு பாத்திருக்கப் போறா?" என்றார். அந்தப் பெண்ணும் அதையேதான் கேட்டாள். "அந்த வார்த்தையே என் பேருக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது மேடம். அடுத்த வாரம் எனக்கு நேர்காணல் இருக்கு."

அண்ணி சரி என்றார். சாயங்காலத்துக்குள் சிவப்பு போய்விட்டது. எண்ணைச் சரிபார்த்து மூத்த டாக்டரின் கட்டுரை மேல் போட்டாயிற்று. பாதிக்கப்பட்டவளே கேட்கிறாள், மேலதிகாரியும் சொல்கிறார், அப்புறம் என்ன என்று அண்ணி எனக்குச் சமாதானம் சொன்னார். நான் விளக்கம் கேட்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், தன் பேர் கெடாமல் தப்பியது என்ற நிம்மதி அவருக்கு. எனக்கும்தான்.

நேர்காணல் முடிந்த கையோடு அந்தப் பெண் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். தோளில் பை, கையில் சான்றிதழ்கள், கண் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"அவங்க கையில பிரிண்ட் இருக்கு மேடம். சிவப்போட. எப்பவோ எடுத்து வெச்சிருக்காங்க. போன வாரம் இருந்துச்சு, இன்னைக்கு காணோம், யாரைப் பிடிச்சு எடுத்தீங்கன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாங்க. நான் என்னத்தைக் காட்டுவேன்? முடிவைத் தள்ளி வெச்சிருக்காங்க."

அண்ணி அவசரமாக, "நான் லெட்டர் தர்றேம்மா. தப்பு எங்களோடதுன்னு கையெழுத்துப் போட்டே தர்றேன்" என்றார்.

"லெட்டர் உங்களுக்கும் எனக்கும்தானே மேடம்? சிவப்பை ஊரே பாத்துச்சு. ஊர் பூரா அந்த லெட்டரைத் தூக்கிக்கிட்டு அலையவா?"

சத்தமில்லாமல் எடுத்தால் தப்பு எங்கே போகும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவர் அண்ணி! இப்போது அது அந்தப் பெண் தலையில் போய் உட்கார்ந்திருந்தது. சிவப்பு தப்பாக வந்தது என்றும் சொல்லவில்லை, ஏன் போனது என்றும் சொல்லவில்லை என்றால், பார்க்கிறவர்கள் அவள் ஏதோ தில்லுமுல்லு பண்ணியிருக்கிறாள் என்றுதானே நினைப்பார்கள்? அன்று வேறு யாராவது இந்தக் காரியம் செய்திருந்தால் அண்ணி அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

அப்போதே உட்கார்ந்து அறிவிப்பு எழுதினார். 'இக்கட்டுரையில் பிழை எதுவும் இல்லை. வேறொரு கட்டுரைக்கு உரிய அறிவிப்பை இதன்மேல் வெளியிட்டு நாங்கள் தவறு செய்தோம். பிறகு அதை எதுவும் சொல்லாமல் நீக்கி இரண்டாவது தவறும் செய்தோம். அத்திரும்பப் பெறுதலைத் திரும்பப் பெறுகிறோம்.' எச்.எம். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாபஸ் வாங்குனதையே வாபஸ் வாங்குறதா? சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும் சார்."

"நாளைக்கு அந்தப் படம் திருப்புன ஆளு வருவான். நீங்கதான் தப்பு பண்றவங்களாச்சே, என்னுதும் தப்பா போட்டதுதான்னு சட்டம் பேசுவான்." சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்து 'நாங்கள் தவறு செய்தோம்' என்பதை அடித்து, 'தொழில்நுட்பக் கோளாறால் தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதினார். இரண்டாவது தவறு என்ற வரியையே காணோம்.

"கம்ப்யூட்டர் மேல போடாதீங்க சார். அது பாவம், நான் குடுத்த நம்பரைத்தான் போட்டுச்சு."

"அப்ப உங்க பேரைப் போடவா? இந்த மேஜைல அப்புறம் நீங்க உட்கார முடியாதும்மா. யோசிச்சுக்குங்க."

அண்ணி வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அந்த மேஜைதான் அவருடைய மரியாதை, அவருடைய பிழைப்பு. நான் பக்கத்தில் போய், "விடுங்க அண்ணி, கோளாறுன்னே போட்டுத் தொலையுங்க, அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சா போதும்ல?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் என் இடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒரு சாதாரண வாசகியாக, எங்கள் இதழின் மேலேயே புகார் எழுதினார். புகார் வந்து சேர்ந்தது வாபஸ் மேஜைக்கு. வாபஸ் மேஜை அதை முறைப்படி பதிவு செய்து, இத்தனை வருஷமாக எல்லோருக்கும் அனுப்பும் அதே வாசகத்தை எச்.எம்.முக்கு அனுப்பியது: 'தங்கள் மீது வந்துள்ள புகாருக்கான விளக்கத்தை எழுத்துமூலம் அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். பதில் வராவிட்டால் வெளியீட்டுக் குழுவுக்கு அனுப்பி வைக்கப்படும்.' எச்.எம்.முக்கும் மேலே இருப்பது அந்தக் குழு.

எச்.எம். அறையிலிருந்து காகிதத்தோடு வெளியே வந்தார். "என்கிட்டயே விளக்கம் கேக்குறீங்களா?"

"எழுத்துல குடுங்க சார்" என்றார் அண்ணி.

"என் வீட்டுக் குழாயும் உடைஞ்சுபோச்சுன்னு எழுதட்டுமா?" என்றார் எச்.எம். பிறகு அண்ணியின் மேஜையிலிருந்தே பேனாவை எடுத்து, அண்ணி முதலில் எழுதியிருந்த வாசகத்தின் கீழே கையெழுத்துப் போட்டார்.

அறிவிப்பு வெளியானது. எச்.எம். சொன்னபடியே மூத்த டாக்டர் சட்டம் பேசி எழுதினார். அசல் படங்களை அனுப்பச் சொல்லி அண்ணி பதில் போட்டார், அத்தோடு அந்தப் பக்கம் பேச்சுமூச்சு இல்லை. வேறு இதழ்க்காரர்கள் சிலர் கிண்டலடித்தார்கள். எச்.எம். அண்ணியை மேஜையைவிட்டு எழுப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரண்டாவது ஆள் நான். சம்பளம் மட்டும் அதேதான்.

வேலை கிடைத்துவிட்டது என்று அந்தப் பெண் போன் செய்தாள். அண்ணி எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். நேர்காணல்காரர்கள் அறிவிப்பைப் படித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்களாம். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அப்போது அவள், "ஒண்ணே ஒண்ணு மேடம்" என்று இழுத்தாள். "எங்கம்மா தினமும் என் பேரைப் போட்டுத் தேடிப் பாக்குறாங்க. முதல்ல இந்த அறிவிப்புதான் வருது. அதுல 'திரும்பப் பெறுதல்'ங்கற அந்த வார்த்தை இருக்கே. எல்லாரும்தான் படிச்சாச்சே, இனிமே அதை எடுக்க முடியுமா?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். "முடியாதும்மா."

"தெரியும் மேடம். சும்மா கேட்டுப் பாத்தேன்" என்று அவள் போனை வைத்தாள்.

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். நான் ஏதோ ஆறுதல் சொல்லப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எடுத்துருங்கன்னு எத்தனை பேர் கேட்டிருப்பாங்க இந்தப் போன்ல? அதைக் கேக்க உரிமை இருந்தது இவ ஒருத்திக்குத்தான். இவளுக்கும் முடியாதுன்னுதான் சொன்னேன்."