கட்சிக் கதிரை

எங்கள் ஊர்க் கட்சிக் கிளைக்குத் தேர்தல் வந்தால்தான் உயிர் வரும். வாக்கு எண்ணி முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு அவரவர் தோட்டத்தைப் பார்க்கப் போய்விடுவோம். அடுத்த முறை வாக்குக் கேட்டுப் போனால், இவ்வளவு நாளும் எங்கே இருந்தீர்கள் என்று சனம் முகத்துக்கு நேரே கேட்கும். மகளிர் அணிச் செயலாளர் என்று பெயருக்கு இருந்த எனக்கு அந்தக் கேள்வி சுட்டது.

ஒரு கூட்டத்தில் பொறுக்க மாட்டாமல் எழும்பினேன். கூட்டத்துக்கென்று வாங்கிய பிளாஸ்டிக் கதிரைகள் இங்கே தூசி பிடித்துக் கிடக்கின்றன. ஊரில் ஒரு செத்தவீடு என்றால் சனம் வாடகைக் கதிரைக்கு அச்சுவேலிக் கடைகளுக்கு ஓடுகிறது. வருடம் முழுக்க, யார் கேட்டாலும் கொடுப்போம் என்றேன். கிளைத் தலைவர் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

கதிரை எடுக்க வந்தவர்கள் நின்று கதைக்கத் தொடங்கினார்கள். ஒழுங்கையில் லைட் எரியவில்லை, வாய்க்கால் அடைத்துவிட்டது என்று சொன்னார்கள். நாங்களும் மண்வெட்டியோடு போனோம். கட்சிப் பக்கமே தலைகாட்டாத பெண்கள்கூடக் கூட்டத்துக்கு வந்தார்கள். கிளை இனிப் பிழைத்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

பிரதேச சபைத் தேர்தல் நெருங்கிய நேரம், மற்றக் கட்சிக்காக எங்களை மேடை மேடையாகக் கிழித்த எங்கள் ஊர் மனிதர் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய தம்பி கதிரை கேட்டு வந்தார். தலைவர் அசையவில்லை.

"எங்கடை கதிரையிலை இருந்துகொண்டு எங்களைத்தான் திட்டுவினம். தர ஏலாது."

செத்தவீட்டிலுமா கட்சி பார்ப்பது என்று கத்தினேன். கிளைக் கதவுப் பூட்டின் திறப்பு தலைவருடைய சட்டைப் பையில் இருந்தது. மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி சைக்கிளைத் திருப்பினார்.

அன்று பின்னேரம் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அயலவர்கள் கொண்டுவந்த கதிரைகள் போதாமல், வயதானவர்கள் சாக்கு விரித்துக் குந்தியிருந்தார்கள். எந்த முகத்தோடு உள்ளே போவது என்று படலையடியில் தயங்கினேன். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி என்னைக் கண்டுவிட்டார். அழுத குரலிலேயே மகளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, குசினிக்கை கிடக்கிற கதிரையை அன்ரிக்கு எடுத்துக் குடு. அவவுக்கு முழங்கால் ஏலாது."

அந்தக் கதிரையில் இருந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் எங்களிடம் கதிரை கேட்டு வரவில்லை. கூட்டத்துக்கு வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள். இப்போது வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகிற வேலை தொடங்கிவிட்டது. அந்தச் செத்தவீடு நடந்த ஒழுங்கையைத் தலைவர் என் தலையில்தான் கட்டியிருக்கிறார். செத்தவரின் மனைவி ஏசுவார் என்ற பயம் எனக்கு இல்லை. போனால் இருக்கச் சொல்லிக் கதிரை எடுத்துப் போடுவார். அதை நினைத்தால்தான் கால் எழும்புகிறதில்லை.