எரியாத பல்புக்குச் சீனவெடி

ஒரு பல்பு எரியவில்லை என்பதற்காகச் சீனவெடி கொளுத்திக் கொண்டாடிய ஊர் எங்களுடையது. அந்தக் கூட்டத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரே ஆள் நான். அப்போது எனக்கு ஏழு வயது.

பழுகாமத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கடலோடு கலக்கும் வாவியை ஒட்டிக் கிடக்கிறது எங்கள் வட்டை. ஊரில் பாதிப் பேருடைய வயல்கள் ஒன்றாய் விரிந்த வெளி அது. மாரிப் போகத்தை மழை பார்த்துக்கொள்ளும். கோடையில் வாவியிலிருந்து உள்ளே வரும் ஓடையில் மோட்டர் வைத்து இறைத்தால்தான் உண்டு. வாவித் தண்ணீரையோ நம்ப முடியாது. இன்றைக்கு நல்ல தண்ணீர், நாளைக்குக் கடல் ஏறி உவர். அது யார் பேச்சையும் கேட்பதில்லை.

ஆகவே முதல் தண்ணீர் விடும் நாளில் ஓடைக்கரையில் பொங்கல் வைத்து, வட்டவிதானைக்கு வெற்றிலைத் தட்டு நீட்டுவார்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கிறவர் அவர். எங்கள் வட்டவிதானை அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. வெற்றிலையை வாங்கிக்கொண்டு ஓடையில் இறங்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடி ருசி பார்ப்பார். அவர் "விடுங்கடா" என்றால்தான் மோட்டர் முழங்கும்.

எனக்கு ஏழு வயதான அந்தக் கோடைக்கு முந்திய வருடமும் அப்படித்தான் சொன்னார். இரண்டு கிழமையில் உவர் ஏறிப் பயிரின் நுனியெல்லாம் சிவந்து, வட்டை முழுவதும் கருகிப்போனது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவராகத்தான் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். அப்பா உழைக்கக் கட்டாருக்குப் போனார்.

"இந்த வெள்ளாமை சரிவந்தா நான் வந்திருவன் மகள்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் சொல்வார். அதனால் அந்த வருடம் நெல்லைப் பற்றி என்னைவிட அதிகம் கவலைப்பட்டவர் ஊரில் இருந்திருக்க மாட்டார்.

கவலைப்படாமல் வேலையில் இறங்கியவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தார். வீட்டில் எது காணாமல் போனாலும் அவருடைய மேசையில் திருகாணி கழன்று கிடக்கும். பழைய டோர்ச் பற்றறிகளை உடைத்து உள்ளேயிருந்த கரிக்கோல்களை எடுத்தார். ஒரு சின்னச் சிவப்புப் பல்பும் புதுப் பற்றறியும் எங்கிருந்தோ வந்தன. சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் பெரியப்பாவின் ரேடியோவிலிருந்து வந்தது. அன்றிரவு செய்தி கேட்க உட்கார்ந்த பெரியப்பா வீடே அதிர ஏசினார்.

உப்புத் தண்ணீரில் மின்சாரம் தாராளமாய் ஓடும், நல்ல தண்ணீரில் அவ்வளவாய் ஓடாது. இதுதான் சங்கதி. யோகட் கோப்பைகளில் நாற்று வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அளவில் உப்புத் தண்ணீர் ஊற்றி, எந்த உப்பில் பயிர் வாடுகிறது என்று சின்னம்மா பார்த்தார். அந்த உப்பு வந்தால் மட்டும் பல்பு எரியும்படி குமிழைத் திருகி வைத்தார்.

"நெல்லச் சாகடிக்கிறதுக்கெண்டே ஒருத்தி பிறந்திருக்காள்" என்று அம்மா புறுபுறுத்தார்.

இதையெல்லாம் நான் பிற்பாடுதான் விளங்கிக்கொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சின்னம்மா ஒரு விளக்குச் செய்திருக்கிறார், விளக்கென்றால் எரிய வேண்டும்.

தண்ணீர் விடும் நாள் வந்தது. பெரியப்பா ருசி பார்த்து, "நல்ல தண்ணி" என்றார். சின்னம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி, நீளக் கம்பின் நுனியில் கட்டியிருந்த கரிக்கோல்களால் தண்ணீரைத் தொட்டார். பல்பு எரியவில்லை. கரையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. சின்னம்மா கம்பை அடிவரைக்கும் இறக்கினார். பல்பு பளிச்சென்று சிவந்தது.

"எரியுது! எரியுது!" என்று நான் கைதட்டிக் குதித்தேன். வேறு யாரும் தட்டவில்லை. பெரியப்பா அப்படியே வரம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கட நாக்கு பிழையில்ல அத்தான்" என்றார் சின்னம்மா. "மேல கிடக்கிறது நல்ல தண்ணிதான். உப்புத் தண்ணி பாரம், அது அடியில கிடக்கு. மோட்டர்ர குழாயும் அடியிலதானே கிடக்கு."

குழாய் காற்றை இழுத்துவிடக் கூடாதென்று அதன் வாயில் கல்லைக் கட்டி அடியில் அமிழ்த்துவது எங்கள் ஆட்களின் வழக்கம். மேல் தண்ணீரை ருசி பார்த்துவிட்டு, அடித் தண்ணீரை வயலுக்கு விட்டிருக்கிறோம். போன வருடம் பெரிய கல்லாகப் பார்த்துக் கட்டியதும் பெரியப்பாதான்.

அவர் எழும்பிச் சின்னம்மாவிடம் வந்தார். பிறகு, "மறுகா இப்ப என்ன செய்யலாம் புள்ள?" என்று கேட்டார். யாரிடமும் எதையும் கேட்கிற மனுசனல்ல அவர்.

"கல்ல அவுழுங்க. கேனக் கட்டுவம்."

இரண்டு வெறும் எண்ணெய்க் கேன்களைக் கட்டியதும் குழாய் மிதந்தது. அதன் வாய், நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே தொங்கிக்கொண்டு நின்றது. மோட்டர் முழங்கி, முதல் வயல் வரவைக்குள் தண்ணீர் பாய்ந்தது. சின்னம்மா ஓடிப்போய் அதில் கரிக்கோல்களை வைத்தார். ஊரே குனிந்து பார்த்தது. பல்பு எரியவில்லை. இடம் மாற்றி வைத்தார். எரியவே இல்லை.

பெரியப்பா கூவிய கூவலில் ஓடையிலிருந்த கொக்கெல்லாம் எழும்பின. பொங்கலுக்கு வாங்கி, பதற்றத்தில் மறந்துபோயிருந்த சீனவெடிக் கட்டு படபடவென்று வெடித்தது. இத்தனை பேர் முன்னால் சின்னம்மாவின் விளக்கு செத்துப்போய்விட்டதே என்று நான் விம்மி விம்மி அழுதேன்.

சின்னம்மா என்னைத் தூக்கிக்கொண்டார். "எரியாட்டித்தான் கா அப்பா வருவாரு."

பிள்ளைகளைத் தேற்றப் பெரியவர்கள் சொல்லும் பொய்களில் இதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

அதன்பிறகு சின்னம்மா காலையில் எழும்பியதும் கம்போடு ஓடைக்குப் போய், குழாயின் வாய் இருக்கும் ஆழத்தில் தொட்டுப் பார்த்தார். பல்பு எரிந்த நாட்களில் மோட்டர் ஓய்ந்திருந்தது. வட்டை பச்சை மாறாமல் வளர்ந்து, கருக்கொண்டு குடலை தள்ளி, கதிர் சாய்ந்தது. நெல்லைச் சூடடித்து முடிந்த கையோடு அப்பா வந்து இறங்கினார். கொண்டுவந்த சொக்லேட்டைக்கூட வாங்காமல் நான் முறையிட்டேன்: "அப்பா, சின்னம்மாட பல்பு பழுதாப் போச்சு!" அவர் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடைக்குப் போய், அந்த எரியாத பல்பைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அடுத்த கோடையில் வெற்றிலைத் தட்டை நீட்டியவர் அப்பா. பெரியப்பா அதை இரண்டு கையாலும் வாங்கி, எல்லாரும் பார்த்திருக்க, சின்னம்மாவின் பக்கம் திரும்பி நீட்டினார். சின்னம்மா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினார். கம்பை இறக்கிப் பார்த்து, "விடுங்க" என்றார். குரல் மெல்லியதுதான், மோட்டர் உடனே முழங்கியது.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "சின்னம்மா வெத்தில போடமாட்டாவே, அவக்கு ஏன் குடுக்காங்க?"

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அவ்வளவு நல்ல வெற்றிலை வீணாய்ப் போகிறதே என்பதுதான் எனக்குக் கவலை.