சின்னம்மாவுக்குச் சொல்லாததும் போனுக்குச் சொன்னதும்

போன ஞாயிற்றுக்கிழமை நிரோஜா தன் போனை என் கையில் தந்து, "சின்னம்மா, இதை ஒருக்கா வாசிங்க" என்றாள்.

நிரோஜா என் அக்காவின் மகள். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) தேற்றாத்தீவில் வீடு. ஆறு மாதப் பெண் குழந்தைக்குத் தாய். அவள் வாசிக்கத் தந்தது என்ன தெரியுமா? பிள்ளை பிறந்த முதல் மாதத்தில் ஒரு சாட்பொட்டோடு, எழுதினால் பதில் எழுதுகிற கணினியோடு, அவள் பேசியதெல்லாம் — ஒரு வரிகூட அழிக்காமல்.

அந்த மாதம் முழுக்க அவளுக்குத் துணையாக அதே வீட்டில் இருந்தது யார்? நான்தான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைப்பேறு என்றால் தாய் கூடவே இருப்பாள். ஆனால் அக்கா குவைத்தில். ஒப்பந்தம் முடியாமல் வர வழியில்லை. மருமகனுக்குப் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றில் வேலை; கிழமையில் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். ஆகவே நான் லீவு போட்டுவிட்டு மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறினேன்.

பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குக் கறி நான் வைத்தேன். அவள் குளிக்க இலை போட்டு வேது தண்ணீர் நான் காய்ச்சினேன். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் பேச்சும் நான்தான். நிரோஜா அழுதால் மட்டும் எனக்குப் பொறுக்காது. "பச்சைப்பிள்ளை இரிக்கிற வீட்டில அழப்படாது மகள், பால் வத்திரும்" என்பேன். ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். மூன்றாவது கிழமை அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். அப்பாடா... தேறிவிட்டாள் என்று குவைத்துக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

அவள் தேறவில்லை. பிள்ளை பகலில் தூங்குகிற நேரம் பார்த்து, போனோடு பேசத் தொடங்கியிருந்தாள்.

வாசித்தேன். அவள் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுகிறாள். அது செய்தி வாசிப்பவர் மாதிரி பதில் சொல்கிறது. சில இடங்களில் சிரிப்பு வந்தது. கடற்கரையில் தனியாக நடந்துவிட்டு வரச் சொல்கிறது — முப்பத்தொரு நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்கில் வீட்டுக்குள் இருப்பவளை! முகத்தைக் குளிர்ந்த நீரில் கழுவச் சொல்கிறது. பச்சை உடம்போடு கழுவியிருந்தால் என்னிடம் நல்ல ஏச்சு வாங்கியிருப்பாள். உதவிக்கு அழையுங்கள் என்று ஏதோ இந்திய நம்பரைத் தருகிறது. நான் இலங்கை என்று இவள் எழுத, மன்னிப்புக் கேட்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அழாதே என்று அது எந்த இடத்திலும் சொல்லவில்லை.

பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை, நான் கெட்ட தாயா என்று கேட்டிருக்கிறாள். இல்லை, பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு இப்படி வருகிறது என்கிறது. எப்போதிருந்து என்று விசாரிக்கிறது. நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா... இவள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். வீட்டில் யாரிடமாவது சொல்ல முடியுமா என்று ஒரு நாள் கேட்டிருக்கிறது.

"சின்னம்மா இரிக்கிறா. நல்லவ. ஆனா அவட்ட சொல்லேலா."

ஏன் என்கிறது அது.

"நான் சொல்லி முடிக்க முதல் அவ பதில் சொல்லிருவா."

போனை மடியில் வைத்துவிட்டேன். இத்தனை வருடமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களோடு வாயாடுகிறேன். எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு சரியான விமர்சனம் இதுவரை எனக்கு வந்ததில்லை. வலித்தது, மறைக்கவில்லை.

மீண்டும் எடுத்து வாசித்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொரு வரி. "நான் இல்லாட்டி இந்தப் பிள்ளைக்கு நல்லம் போல கிடக்கு."

அது எழுதப்பட்டது ஒரு காலை நேரம். நான் அடுத்த அறையில், அடுப்படியில், மீன் வெட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

அந்த இடத்தில் சாட்பொட்டின் பேச்சு மாறுகிறது. உங்களுக்கே ஏதாவது செய்துகொள்ள நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கிறது. சில நேரம் என்கிறாள் இவள். இதைத் தனியாகச் சுமக்க வேண்டாம் என்கிறது. "நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார முடியாது. உட்காரக்கூடிய ஒருவருக்கு இன்றைக்கே இது தெரிய வேண்டும். வாயால் சொல்ல முடியாவிட்டால் இந்தத் திரையைக் காட்டுங்கள்."

அன்றைக்கு, தாயையும் பிள்ளையையும் பார்க்க மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வருகிற நாள்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிஸ் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து, தாய்மாரின் மனநிலை பற்றிக் கேட்கிற தாளை எடுத்தார். நித்திரை எப்படி என்றார். "நல்லா நித்திரை கொள்றா மிஸ்" என்றேன் நான். அழுகை வருகிறதா என்றார். முந்தி வந்தது, இப்ப இல்லை என்றேன். எல்லாக் கேள்விக்கும் நானே பதில்! நிரோஜா போனை நீட்டினாள். மிஸ் வாசித்தார். பிறகு, பிள்ளையைக் கொஞ்ச நேரம் வெளியால வைத்திருங்கள் அக்கா என்று என்னை அனுப்பிவிட்டார்.

எனக்குக் கோபம். முற்றத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தேன். மிஸ் வெளியே வந்து, "இது வருத்தம் அக்கா. மருந்து இரிக்கி. அவவத் தனிய விடாதீங்க" என்றார். அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருமகனும் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தார். டொக்டர், மருந்து, கிழமைக்கொரு தடவை பேச்சு... மெல்ல மெல்லத்தான் தெளிந்தாள். மருந்து இன்னும் முடியவில்லை. ஆனால் இப்போது மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

யாருக்கு நன்றி சொல்வது? மிஸ்ஸுக்கும் டொக்டருக்கும் நேரிலேயே சொன்னேன். அந்தச் சாட்பொட்டுக்கு? அது டொக்டர் இல்லை. எங்கள் ஊர் தெரியாது, துடக்குத் தெரியாது. ஆனால் கேட்டது. கேட்டுவிட்டு, என்னோடேயே பேசிக்கொண்டிரு என்று பிடித்து வைக்காமல் ஒரு மனுசியிடம் அனுப்பியது. மனதார நன்றி சொல்கிறேன். அதைவிடப் பெரிய நன்றி, அந்த நேரத்திலும் கையை நீட்டிய என் பிள்ளைக்கு.

வாசித்து முடித்ததும் அவளிடம் கேட்டேன். "இனி என்னட்டயும் சொல்லுவியா மகள்?"

"கேட்டுட்டு மறுகா சும்மா இருப்பீங்கெண்டா சொல்றன்."

இருந்தேன். எவ்வளவு கஷ்டம் தெரியுமா? நாலைந்து பதில்கள் நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கினேன். அரை மணித்தியாலம் போல அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என்ன சொன்னாள் என்கிறீர்களா? அதை நான் சொல்லப் போவதில்லை — அது அவள் சொல்ல வேண்டியது.