லா கோம்ப் பள்ளிக்கூடத்து ஏழு பிள்ளைகள்

ஈரமான கம்பளிக் கையுறைகள் விறகடுப்பின் சூட்டில் காயும்போது, ஆட்டுப்பட்டியும் புகையும் கலந்தாற்போல் ஒரு மணம் எழும். லா கோம்ப் பள்ளிக்கூடத்தின் ஒற்றை வகுப்பறை பனிக்காலம் முழுவதும் அந்த மணத்தோடுதான் இருந்தது. அடுப்பைச் சுற்றிய கம்பியில் ஏழு சோடிக் கையுறைகள் தொங்கும். அவற்றில் ஒன்று என்னுடையது, இன்னொன்று தம்பி சுதனுடையது.

லா கோம்ப், பிரான்சின் தென்கிழக்கே அல்ப்ஸ் மலை மடிப்பொன்றுக்குள் கிடக்கும் சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு தண்ணீர்த் தொட்டி, கல்லால் கட்டிய முப்பது நாற்பது வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. ஊர் மலையின் வடக்குச் சரிவில் இருந்ததால், கார்த்திகை பிறந்தால் மாசி வரை வெயில் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. ஆற்றுக்கு அப்பால் எதிர்ச்சரிவில் மட்டும் காயும். அம்மா சன்னலோரம் நின்று அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருப்பார். யாழ்ப்பாணத்துச் சமதரையில் வளர்ந்த அவருக்குத் தெரிந்த மலை கீரிமலை ஒன்றுதான். அதுவோ பெயரில் மட்டும் மலையான கடற்கரை. "உதுதான் மலையெண்டால், நாங்கள் இவ்வளவு நாளும் மலையைப் பாக்கேல்லை," என்றார், வந்த அன்று.

அதற்கு முன் பாரிசில் ஓர் அறையில் நாலு வருடம் இருந்தோம். எனக்கு ஒன்பது வயதானபோது, பள்ளத்தாக்கின் கீழே ஒரு பனிச்சறுக்கு விடுதியின் சமையலறையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. லா கோம்பின் மேயர் மதாம் ரோஷ் என்ற நரைத்த பெண்மணி. இரண்டு பிள்ளைகள் என்று கேட்டவுடனேயே பூட்டிக் கிடந்த வீடொன்றைத் திறந்து தந்தார். அப்பா விடுதியிலேயே தங்கி, திங்கட்கிழமைகளில் மட்டும் வருவார். மற்ற நாட்களில் அம்மா பேசுவதற்கு எங்கள் இருவரையும் தவிர ஒருவருமில்லை. அவருக்குப் பிடிபட்ட பிரெஞ்சுச் சொல் ஒன்றே ஒன்று. சமையலறையை நாங்கள் "குசினி" என்போம். பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதே சொல்தான் என்று அறிந்தபோது, தெரிந்த முகம் ஒன்றைக் கண்டதுபோல் சிரித்தார்.

முன்னொரு காலத்தில் அந்த ஊர் நிறையச் செம்மறியும் சனமுமாக இருந்ததாம். பனிக்காலத்தில் ஆண்கள் மூட்டை சுமந்து சமவெளிக்கு இறங்கி ஊசி, நூல் விற்று, பனி உருகியதும் திரும்பி வருவார்களாம். முதல் உலகப் போருக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. பிறகு ஆலை வேலைக்கென்று இறங்கிய இளையவர்களும் திரும்பவில்லை. போரில் இறந்தவர்களின் பெயர்களைத் தேவாலய வாசலில் ஒரு கல்லில் பொறித்திருந்தார்கள். ஆசிரியை சொன்னதையெல்லாம் அந்தக் கல்லருகே நின்று நான் அம்மாவுக்குச் சொன்னேன். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்திருந்ததை அவர் விரலால் தொட்டு, "ஒரு வீட்டிலயோ மூண்டு பேர்?" என்று கேட்டார். ஓம் என்றேன். தன் தம்பிமார் இருவரை எங்கள் யுத்தத்தில் இழந்தவர் அவர். அதன்பின் அந்த வழியால் போகும்போதெல்லாம், கல்லின்மேல் கிடக்கும் பனியைக் கையால் தட்டிவிட்டுத்தான் நடப்பார்.

எனக்கும் தனிமைதான். மற்ற ஐந்து பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் சொந்தம். கெட்டவர்களல்ல, ஆனால் பள்ளி விட்டதும் ஒரே பக்கமாக நடந்து போய்விடுவார்கள். இரண்டாம் பனிக்காலம் முடியும் நேரம், எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததை அறிந்த பெரியப்பா, கடலுக்கு அப்பால், ஆங்கிலேயர் நாட்டு ஹவுன்ஸ்லோவிலிருந்து தொலைபேசியில், "இஞ்ச எல்லாம் எங்கட சனம், வந்திடுங்கோ," என்றபோது, வீட்டில் அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான்.

நாங்கள் போகப்போகிற செய்தி ஊருக்குத் தெரிந்த இரண்டாம் நாள் பிற்பகல், மதாம் ரோஷ் வந்தார். அப்பா வீட்டில் இல்லை. அம்மா தேநீர் வைத்தார். மொழிபெயர்க்க நான். ஏழு பிள்ளைகள் இருப்பதால்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள், ஐந்தானால் செப்டம்பரில் மூடிவிடுவார்கள், பள்ளி போனால் மற்றக் குடும்பங்களும் இறங்கிவிடும், இன்னும் ஒரு வருடமாவது இருக்க முடியுமா என்று அம்மாவிடம் கேள், என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் தழுதழுத்தது, கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"எங்களை நல்லபடியாப் போகட்டாம். மறக்கமாட்டினமாம்."

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, நன்றி சொல்லச் சொன்னார். நான் மதாம் ரோஷிடம், அம்மாவுக்குக் கவலைதான், ஆனால் இருக்க முடியாதாம் என்றேன். அவர் தேநீரை முழுவதும் குடித்து, என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

ஹவுன்ஸ்லோவில் எங்கள் சனம் இருந்தது. ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்கு ஆங்கிலம் வராது. பல காலம் அவர்களுக்கு நான் "பிரெஞ்சுக்காரி".

இன்றும் ஹவுன்ஸ்லோவில்தான், தனியாக இருக்கிறேன். அப்பா காலமாகிவிட்டார், சுதன் கனடாவில், அம்மா இதே நகரின் மறுபக்கம் லூயிஷாமில், கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில். போன வருடம் இணையத்தில் லா கோம்பைத் தேடினேன். நாங்கள் புறப்பட்ட ஆண்டே பள்ளிக்கூடம் மூடப்பட்டிருந்தது. கட்டடத்தை இப்போது விடுமுறைக்கு வருவோருக்கு விடுகிறார்கள். படத்தில் எங்கள் வகுப்பறைக்குள் இரண்டு கட்டில்கள். பனிக்காலத்தில் அந்த ஊரில் வாழ்பவர் ஒருவருமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லூயிஷாமுக்குப் போய், அன்று மாற்றிச் சொன்னதை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் பிள்ளை. போயிட்டு வாங்கோ எண்டு சொல்லுறதுக்கு ஒருத்தரும் அப்பிடி அழமாட்டினம்."

"அப்ப ஏன் திருப்பிக் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் அங்கயே நிண்டிருப்பன்," என்றார் அம்மா.